தட்டோடா, வெள்ளைப் பூச்சா, ஃபோம் பலகையா? மொட்டை மாடிச் சூட்டுக்கு எது சரி

மேல்மாடி அறையில் படுப்பவர்களுக்கு இது தெரியும்: சித்திரை வெயில் அடங்கி இரவு 9 மணி ஆன பிறகுதான் சீலிங் தன் வேலையைக் காட்டும். மின்விசிறி அந்தச் சூட்டையே கீழே தள்ளும். மறுநாள் வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரிடம் கேட்பார்: "தட்டோடு போட்டா போதுமா, ஃபோம் பலகை வைக்கணுமா, இல்ல வெள்ளை பெயின்ட் அடிச்சா ஆகுமா?" பெரும்பாலும் எந்த வேலை மேஸ்திரிக்குக் கைவந்ததோ அதுவே பதிலாக வரும். இந்த மூன்றும் செய்வது ஒரே வேலை அல்ல. தொழிலில் இருபது வருடம் கண்டவர்களும் ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. பத்தாம் வகுப்புக் கணிதம் போதும்.

முதலில் கணக்கு

ஒரு அடுக்கு சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்று அறிய, அதன் தடிப்பை மீட்டரில் எழுதி, அந்தப் பொருளின் வெப்பக் கடத்துதிறனால் வகுக்க வேண்டும். ஆர்.சி.சி. எனப்படும் கம்பிக் கான்கிரீட்டுக்குக் கடத்துதிறன் 1.58. சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லிக்கு 0.73, சிமென்ட் பூச்சுக்கு 0.72, எக்ஸ்.பி.எஸ். எனப்படும் பாலிஸ்டைரீன் ஃபோம் பலகைக்குச் சுமார் 0.03. எண் சிறியதாக இருந்தால் சூடு மெதுவாகப் போகும் என்று பொருள். எல்லா அடுக்குகளின் தடையையும் கூட்டி, கூரைக்கு மேலும் கீழும் உள்ள காற்றுப் படலத்துக்காக 0.21 சேர்த்து, 1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் யு-மதிப்பு. அது குறையக் குறைய நல்லது.

5 அங்குல ஆர்.சி.சி. தளமும் அடியில் 12 மி.மீ. பூச்சும் மட்டும் இருந்தால் யு-மதிப்பு 3.27. அதன் மேல் 3 அங்குலச் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் பதித்தால் 2.2. மழைநீர் வடியச் சரிவு தரும் வாட்டக் கலவையும் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ்.ஸும் மேலே 2 அங்குலக் கான்கிரீட்டும் போட்டால் 0.83 அளவில் நிற்கும். பலகையை 50 மி.மீ. ஆக்கினால் 0.49.

வீடுகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பான இக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018-இல் வந்தது. கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது அது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்காக எழுதப்பட்டது என்பதால் இரண்டு கிரவுண்டு வீட்டுக்காரரை அது கட்டாயப்படுத்தாது. ஆனால் அளவுகோல் நல்ல அளவுகோல். அதை வைத்துப் பார்த்தால் ஊர் முழுக்க 'சூட்டுக்குப் போடுறோம்' என்று போடும் தட்டோட்டுத் தளம் தேறவில்லை. சுண்ணாம்பு ஜல்லியை மட்டும் வைத்து 1.2-ஐ எட்ட வேண்டுமானால் இருக்கும் 3 அங்குலத்துக்கு மேல் இன்னும் 11 அங்குலம் கொட்ட வேண்டும். சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் கூடுதல் பாரம். அதே வேலையை 12 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். செய்துவிடும்.

யு-மதிப்பு பாதிக் கதைதான். மீதி, மேற்பரப்பு எவ்வளவு வெயிலைக் குடிக்கிறது என்பது. வெளியே 36 டிகிரி, உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட் என்று வைத்துக்கொள்வோம். பழுத்த கான்கிரீட்டோ சிவப்புத் தட்டோடோ அதில் 70 சதவீதம் குடிக்கும். அப்போது கூரை 57 டிகிரி காற்றில் நிற்பதுபோல நடந்துகொள்ளும். 25 சதவீதம் மட்டுமே குடிக்கும் புது வெள்ளைப் பூச்சில் இதுவே 41 டிகிரி. தூசியும் பாசியும் ஏறி அந்த வெள்ளை 40 சதவீதம் குடிக்கத் தொடங்கினால் 46 டிகிரி.

அறைக்குள் 28 டிகிரி என்றால், 12-க்கு 12 அடி அறையின் கூரை வழியே இறங்கும் சூடு இப்படி வரும்: வெறும் தளம் 1,270 வாட்; தட்டோடு 860; தட்டோட்டின் மேல் பழசான வெள்ளைப் பூச்சு 540; 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பூச்சு இல்லாமல் 320. இரண்டும் சேர்ந்தால் 200. ஒரு டன் ஏசி எடுக்கும் சூடு 3,500 வாட். வெறும் தளத்துக்கும் எக்ஸ்.பி.எஸ்.ஸுக்கும் உள்ள வித்தியாசமே கால் டன்னைத் தாண்டுகிறது. உண்மையில் தளம் சூட்டைச் சில மணி நேரம் பிடித்து வைத்துத்தான் விடும். அதனால் இந்த எண்கள் உச்சி நேரத்தில் அப்படியே வராது, பரவி வரும். ஒன்றோடொன்று ஒப்பிட இவை போதும்.

தட்டோடு: எதற்கு நல்லது, எதற்கு இல்லை

இந்தத் தளம் மெட்ராஸ் டெரஸிலிருந்து வந்த வழக்கம். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி இடித்து, தட்டோடு பாவிய கூரை அது. சூட்டைத் தாமதப்படுத்தியது அதன் மொத்தத் தடிப்பு. இன்று அடியில் 5 அங்குல ஆர்.சி.சி.யை வைத்துவிட்டு மேலடுக்கை மட்டும் வைத்துக்கொண்டோம். அதற்கு இன்று இருக்கும் பெரிய பயன் மழைநீரை வடியவிடுவதும், தளத்தின் விரிவு சுருக்கத்தைக் குறைப்பதும்.

சரியாகப் போட்டால் முப்பது வருடம் நிற்கும். பொதுப்பணித்துறை விவரக்குறிப்பில் உள்ள கணக்கு, 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீர்த்த சுண்ணாம்பு 12½ பங்கு. மணல் கிடையாது. ஜல்லியை முன்னாடியே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். உலர்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும். விரித்த கலவையை மரக்கட்டையால் கட்டை துள்ளும் வரை, நாள் கணக்கில் தட்ட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தட்டுவது பழைய பழக்கம். அதன் மேல் 1:3 கலவையில், சிமென்ட் எடையில் 5 சதவீதம் கச்சா எண்ணெய் சேர்த்துத் தட்டோடு பதித்து, இணைப்பையும் அதே கலவையில் சிவப்பு ஆக்சைடு சேர்த்துப் பூச வேண்டும்.

கெடுவது எங்கே? நான்கு இடத்தில். சரியாக நீர்க்க விடாத சுண்ணாம்பில் நீர்க்காத கட்டிகள் இருக்கும். அவை மாதங்கள் கழித்து நீர் குடித்து உப்பி, ஓட்டைத் தூக்கும். சுண்ணாம்பு கிடைக்கவில்லை என்று ஜல்லியை சிமென்டில் போட்டால் அது காய்ந்து சுருங்கி வெடிக்கும், சூட்டையும் இன்னும் தாராளமாகக் கடத்தும். தட்டுவதற்கு ஆள் கூலி கொடுக்க மனமில்லாமல் ஒரே நாளில் விரித்து மட்டம் பார்த்து முடித்தால் அது ஜல்லித் தளம் அல்ல, நீர் தேங்கும் பஞ்சு. நான்காவது கைப்பிடிச்சுவர் ஓரம். அங்கே முக்கோணமாக 3 அங்குலம் கலவை வைத்து வளைக்காமல் ஓட்டைச் சுவரில் முட்டவிட்டால், விரிவில் அந்த மூலைதான் முதலில் பிளக்கும். ஓதம் அங்கிருந்துதான் இறங்கும்.

பாரத்தையும் மறக்கக் கூடாது. ஜல்லி, கலவை, ஓடு சேர்ந்து சதுர மீட்டருக்கு 200 கிலோ தாண்டும். 1,000 சதுர அடி மாடிக்கு 19 டன். தளக் கம்பி கணக்கிடும்போதே இன்ஜினியரிடம் சொல்லியிருக்க வேண்டிய எண் இது. தளம் போட்ட பிறகு வீட்டுக்காரர் ஆசைப்பட்டார் என்று ஏற்றுவது சரியல்ல.

வெள்ளைப் பூச்சும் கூலிங் டைலும்

பணத்துக்குக் கிடைக்கும் குளிர்ச்சியில் வெள்ளையை மிஞ்ச எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் தேவை ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்கள் தவிர வேறெங்கும் இல்லாததால், வெயிலைத் திருப்பி அனுப்புவதில் நட்டமும் கிடையாது. இரவில் வெள்ளைத் தளம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். ஏசி இல்லாத வீட்டில் இந்த இரவுக் குணம் பெரிய லாபம்.

பளபளக்கும் வெள்ளி நிற அலுமினியப் பூச்சை இதே கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். அது வெயிலைத் திருப்புவது போலத் தெரியும்; ஆனால் தான் ஏற்ற சூட்டை வெளியே விடும் குணம் உலோகப் பரப்புக்குக் குறைவு. கையை வைத்தால் வித்தியாசம் தெரியும்.

பூச்சு வேலையில் நடக்கும் பெரிய ஏமாற்று, அளவு. வெயில் தடுப்பு எலாஸ்டோமெரிக் பெயின்ட் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 20 முதல் 25 சதுர அடிதான் போகும். 1,000 சதுர அடிக்கு 40 முதல் 50 லிட்டர். ஒரே 20 லிட்டர் வாளியில் தண்ணீரை ஊற்றி மாடி முழுக்க இழுத்துவிட்டு, 'வெள்ளையாத்தானே இருக்கு' என்பார்கள். முதல் மழைக்காலம் முடியும்போது கான்கிரீட் எட்டிப் பார்க்கும். அடிக்கும் முன் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிளவுகளை அகலப்படுத்தி அடைத்து, கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். புதுத் தளம் என்றால் 28 நாள் பொறுக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் கொப்புளம் போடும். உச்சி வெயிலில் அடித்தால் மேல்தோல் மட்டும் உலர்ந்து அடியில் ஒட்டாது. காலை வேளையே சரி. முதல் கோட்டை நீளவாக்கில் அடித்தால் இரண்டாவதைக் குறுக்குவாக்கில் அடிக்க வேண்டும்.

பூச்சுக்கு ஆயுள் குறைவு. வருடம் ஒருமுறை, பங்குனிக்கு முன் மாடியைத் தேய்த்துக் கழுவ வீட்டுக்காரருக்கு மனமும் முதுகும் இருந்தால் மட்டுமே 60 சதவீதத்துக்கு மேல் எதிரொளிப்பு நிற்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில் நிற்கவே நிற்காது. வாட்டம் இல்லாத மாடியில் பெயின்ட் அடிப்பது காசை மழையில் கரைப்பது.

கூலிங் டைல் இதே தத்துவம்தான், வேறொன்றுமில்லை. டைலின் தடிப்பு சூட்டைத் தடுக்காது, வெள்ளை நிறம்தான் தடுக்கிறது. எனவே 'கூலிங் டைல்' என்று சொல்லி இளம் சாம்பல் நிறத்தை விற்றால் வாங்க வேண்டாம். பூச்சைவிட நீண்ட நாள் வரும், கழுவுவதும் எளிது. பழைய தட்டோட்டின் மேலேயே ஒட்டுவது வழக்கம், 10 மி.மீ. டைலும் 20 மி.மீ. கலவையும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 60 கிலோ, 1,000 சதுர அடிக்கு ஐந்தரை டன் கூடும். பழைய வீட்டில் இதை யோசிக்காமல் செய்யக் கூடாது. அடியில் உள்ள பழைய ஓடு கட்டையால் தட்டும்போது 'டொப் டொப்' என்று வெற்றொலி கொடுத்தால், முதலில் அதைப் பெயர்க்க வேண்டும்.

காசு குறைவு, கைவேலை செய்ய ஆள் உண்டு என்றால் உடைந்த வெள்ளை பளிங்கு டைல் துண்டுகளை 1:3 கலவையில் பதித்து, வெள்ளை சிமென்டால் இணைப்பு அடைப்பது கூலிங் டைலுக்கு இளைத்ததல்ல. முழு டைலைப் போல வழுக்கவும் செய்யாது. வாட்டத்தின் வளைவுகளோடு அது நன்றாகப் படியும்.

ஃபோம் பலகை: புது வீட்டுக்கு முதல் தேர்வு

மேல்மாடியில் ஏசி ஓடப்போகிறது என்றால் பேச்சுக்கே இடமில்லை, எக்ஸ்.பி.எஸ். போட வேண்டும். அதில் பணம் போவதைவிட அதிகம் தவறு போவது அடுக்கும் வரிசையில். சரியான வரிசை கீழிருந்து மேலாக இப்படி.

தளம் இறுகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது, பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள். பிறகு வாட்டக் கலவை, 60-க்கு 1. மாடியின் நீளம் 30 அடி, நடுவிலிருந்து இருபுறமும் தண்ணீர் ஓடுகிறது என்றால் நடுவில் 3 அங்குலம் கூடுதல் உயரம். அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு. கைப்பிடிச்சுவரில் ஒரு அடி உயரம் ஏற வேண்டும். மழைநீர்க் குழாயின் வாய்க்குள்ளும் இறங்க வேண்டும். 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்து, அடியில் ஈரம் தெரியவில்லை என்றால் மட்டும் பலகை. பலகையின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன் மேல் மெல்லிய கம்பி வலையுடன் 2 அங்குல எம்20 கான்கிரீட், 8 அடிக்கு 8 அடி கட்டங்களாக. கட்டங்களுக்கு இடையில் இணைப்பை மீள்தன்மை உள்ள சீலன்ட்டால் அடைக்க வேண்டும். ஒரே விரிப்பாகக் கொட்டினால் வெயிலே தனக்குப் பிடித்த இடத்தில் இணைப்பு வெட்டிக்கொள்ளும்.

நீர்த்தடுப்பு பலகைக்கு அடியில் இருப்பதில் ஒரு பெரிய நன்மை: அந்தப் பூச்சு வெயிலையே பார்ப்பதில்லை, அதனால் வெகு நாள் உழைக்கும். அடியில் உள்ள தளமும் விரிந்து சுருங்குவது குறையும். 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி ஏறினால் 3 மி.மீ. நீளும். மேல்மாடிச் சுவரில் தளத்துக்குக் கீழே கிடைமட்டமாக ஓடும் அந்தக் கோட்டுப் பிளவு பெரும்பாலும் இதனால்தான். எத்தனை முறை பட்டி பார்த்தாலும் திரும்ப வரும். மேலே சூடு நின்றால்தான் கீழே பிளவு நிற்கும்.

பலகை வாங்கும்போது கேட்க வேண்டியது அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோவுக்கு மேல், அழுத்தத் தாங்குதிறன் 250 கிலோபாஸ்கலுக்குக் குறையாமல், ஓரத்தில் ஒன்றோடொன்று படியும் வெட்டு. 1.25-க்கு 0.6 மீட்டர் பலகை என்றால் 1,000 சதுர அடிக்குச் சேதாரத்தோடு 130 பலகை. தெர்மாகோல் எனப்படும் ஈ.பி.எஸ்.ஸை இந்த வரிசையில் போடக் கூடாது. மலிவு என்று 15 கிலோ அடர்த்தியில் போட்டால் அது நீர் குடிக்கும், தண்ணீர்த் தொட்டிக் காலடியில் நசுங்கும், மேல் கான்கிரீட் வெடிக்கும்.

தளத்தில் நடக்கும் மற்ற விபத்துகள்: சூடான தார் ஊற்றிப் பலகை ஒட்டுவது, அல்லது கரைப்பான் கலந்த பசை. இரண்டிலும் பாலிஸ்டைரீன் உருகிவிடும். காலையில் பலகை பரப்பிவிட்டு, கான்கிரீட்டை நாளைக்கு என்று தள்ளுவது. ஆடிக்காற்றில் பலகை பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும், மழை வந்தால் மிதக்கும். வலையைப் பிடிக்க ஆணி அடிப்பது. அது நேராக நீர்த்தடுப்பைத் துளைக்கும். கடைசியாக சோலார். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி வேண்டும், பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் இன்று இல்லாவிட்டாலும் நாளை வீட்டுக்காரர் போடுவார். அவர் கூட்டிவரும் ஆள் கால் ஊன்ற டிரில் போடும் இடம் நீங்கள் தண்ணீர் நிறுத்திச் சோதித்த இடமாகத்தான் இருக்கும். நீர்த்தடுப்புக்கு முன்பே கான்கிரீட் மேடைகளை வார்த்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. ஏசி வெளி யூனிட், தொட்டி ஆகியவற்றின் கால்களுக்கும் இதே. பேனல்களின் அடியில் உள்ள மாடி நிழலிலேயே இருக்கும் என்பதால் அந்தப் பகுதிக்குத் தனியாக வெள்ளை அடிக்கத் தேவையில்லை.

தெளிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் இணைப்பே இல்லாமல் படியும், தடையும் அதிகம். ஆனால் ஈரத் தளத்தில் ஒட்டாது, வெயிலில் பொடியும், பின்னால் ஒழுகினால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தேர்ந்த குழு கிடைக்காத ஊரில் விட்டுவிடலாம்.

அடியில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு மேலே கண்ணாடிக் கம்பளி வைப்பது வாடகை வீட்டுக்கும் மாடியைத் தொட முடியாத அடுக்ககத்துக்கும் சரி. தளம் சூடாகவே இருக்கும், பிளவும் தொடரும், அறை உயரம் அரை அடி போகும்.

எந்த வீட்டுக்கு எது

புது வீடு, மேல்மாடியில் ஏசி: 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ்., மேல் கான்கிரீட்டை வெள்ளையாக்கி. ஏசி கிடையாது, ஜன்னல் திறந்து வைத்துத் தூங்கும் வீடு: 25 மி.மீ. போதும், பணம் அதற்கும் இல்லையென்றால் நல்ல வாட்டத்தோடு வெள்ளை டைல். இந்த வீட்டில் மிச்சப் பணத்தை ஜன்னலில் போடலாம். நம் ஊர் போன்ற வெப்ப ஈரப்பதப் பகுதிக்குத் திறக்கும் ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது அதே சம்ஹிதா. இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதை மறந்தால் கணக்கு தப்பும்.

பழைய வீடு, தட்டோடு நன்றாக இருக்கிறது, ஒழுகவில்லை: பெயர்க்க வேண்டாம், வெள்ளைப் பூச்சு. வடாம் காயப் போடுவதும் துணி உலர்த்துவதும் அந்த மாடியில்தான் நடக்கிறது, நடமாட்டம் அதிகம் என்றால் பூச்சு தேயும். அதைவிட உடைந்த டைல் பதிப்பது நல்லது. பழைய தட்டோடு ஒழுகுகிறது: மொத்தத்தையும் பெயர்த்து இறக்கினால் சதுர மீட்டருக்கு 200 கிலோ குறையும், அந்த இடத்தில் எக்ஸ்.பி.எஸ். பலகையும் மேல் கான்கிரீட்டும் 120 கிலோ அளவில் வரும். வாட்டக் கலவையின் பாரம் தனி.

மேஸ்திரிக்கு எப்படிக் காட்டுவது

வகுப்பறையில் யு-மதிப்பு எழுதிக் காட்டுவதைவிட, 10-க்கு 10 அடி மாடியை நான்காகப் பிரித்து ஒன்றில் வெறும் தளம், ஒன்றில் தட்டோடு, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் பலகை போட்டு, அடியில் மாலை 3 மணிக்கும் இரவு 8 மணிக்கும் சீலிங்கை அளந்தால் அரை நாளில் பாடம் முடியும். இன்ஃப்ராரெட் வெப்பமானி துப்பாக்கி போதும். பூசிய சீலிங்கில் அது சரியாகச் சொல்லும். பளபளக்கும் உலோகத் தகட்டின் மேல் நீட்டினால் பக்கத்துச் சுவரின் சூட்டைத்தான் காட்டும்.

மதிப்பீட்டுத் தாளில் 'மாடிக்கு வெதரிங் கோர்ஸ் வேலை முழுவதும்' (அதாவது தளத்தின் மேலடுக்கு வேலை) என்ற ஒற்றை வரி இருந்தால், அதை வாட்டம், நீர்த்தடுப்பு, நீர் நிறுத்திச் சோதனை, பலகையின் அடர்த்தியும் தடிப்பும், மேல் கான்கிரீட், மேற்பரப்பு நிறம் என்று ஆறு வரியாகப் பிரித்து எழுத வேண்டும். பில் தொகை பேச வரும்போது எந்த வரியைக் குறைக்கலாம் என்று வீட்டுக்காரரே கேட்பார். குறைக்கச் சொன்னால் பலகையை 50-லிருந்து 25 ஆக்கலாம். நீர் நிறுத்திச் சோதிக்கும் இரண்டு நாளை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.